புதுச் சைக்கிளுக்குள்ள கடகடக்கிறது என்ன?

இந்தக் கிழமை எபிசோட் கேட்டவைக்கு ஞாபகம் இருக்கும். நடுவில ஒரு இடத்தில என்ர சைக்கிளைத் தூக்கி மைக்குக்குக் கிட்டப் பிடிச்சு, முன் சில்லை நிலத்தில குத்திக் காட்டினன். தகரப்பேணிக்குள்ள புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினமாதிரி ஒரு சத்தம். அதுக்குப் பிறகு "என்ரயும் இதே சத்தம்தான், எப்பிடி நிப்பாட்டினீங்கள்?" எண்டு கேட்டு வந்த மெசேஜுகள் கொஞ்சமில்லை. ஒலியில விளங்கப்படுத்தக் கஷ்டமான விசயம் இது. அதால எழுதிறன்.

முதல்ல கதை. போன வசந்தத்தில, மூண்டு வருசம் சேர்த்த காசில, ஒரு கார்பன் ரோட் பைக் வாங்கினன். எந்தக் கம்பனி, எந்தக் கடை எண்டு சொல்லேல்லை, அது இங்க முக்கியமும் இல்லை. முதல் ஓட்டம் வீட்டில இருந்து மெடோவே வழியா ரூஜ் பூங்காப் பக்கம். உங்களில பலருக்கு அந்தப் பாதை தெரியும்: ஸ்காபரோவைக் குறுக்கால வெட்டிப்போற ஹைட்ரோ கம்பங்களுக்குக் கீழ, புல்லும் பூவுமா நீளுற தார்ப்பாதை. வழுவழுப்பான இடத்தில சைக்கிள் பேசாமல் போகும். ஒவ்வொரு வீதியையும் கடக்கிற இடத்தில ஒரு சின்னக் குலுக்கல் வரும், உடன "கடகட". கிங்ஸ்டன் வீதிக்கு வந்தால் கேக்கவே தேவையில்லை. பனிக்காலம் தின்ற தார் அது. ஒன்ராறியோவில சைக்கிளுக்கு மணி இருக்கவேணும் எண்டு சட்டம் இருக்கு. எனக்கு அது மேலதிகச் செலவு எண்டே நினைச்சன்.

கடையில கேட்டதுக்கு, "உள்ளுக்குள்ள கேபிள் போகுது, அது நோர்மல்" எண்டு சொல்லிப்போட்டினம். நானும் நம்பினன். அந்தப் பதில் பாதி சரி. மற்றப் பாதியாலதான் இந்தக் கட்டுரை.

கேபிள் ஏன் உள்ளுக்குப் போனது? எங்கட அப்பா அம்மா யாழ்ப்பாணத்தில ஓடின ராலி, லுமாலா சைக்கிளுகளை நினைச்சுப் பாருங்கோ. பிரேக் எண்டால் ஹாண்டிலில இருந்து சில்லு வரைக்கும் இரும்புக் கம்பி, எல்லாம் வெளியில, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கம்பி வயராக மாறினபோதும் அது ஃபிரேமுக்கு வெளியிலதான் ஓடினது. பிறகு காற்றைப் பற்றின கவலை வந்தது. வேகமா ஓடேக்க ஓட்டுறவரின்ர பலத்தில பெரும்பகுதி காற்றைத் தள்ளுறதிலதான் போகுது, அதால வெளியில தொங்குற ஒவ்வொரு வயரையும் ஒளிக்கப் பார்த்தினம். இந்தக் காற்றுப் பைத்தியத்துக்கு எங்கட ஊருக்கும் பங்கு உண்டு. செர்வேலோ எண்ட கம்பனியை ஃபில் வைட்டும் ஜெராட் வ்ரூமனும் 1995இல தொடங்கினவை, அது வளர்ந்த இடம் ரொறன்ரோ. 2008இல கார்லோஸ் சஸ்த்ரே டூர் டி ஃபிரான்ஸ் வென்றது செர்வேலோ சைக்கிளிலதான்.

2009இல ஷிமானோ டிஐ2 எண்ட மின்சாரக் கியர் வந்தது. மின் வயர் மெல்லிசு, எங்க எண்டாலும் வளையும், அதை ஒளிக்கிறது லேசு. ஸ்ராம் 2015இல கியருக்கு வயரே இல்லாமல் பண்ணிச்சு. அதோட ரோட் பைக்குக்கு ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் வந்தது. இப்ப நிலைமை என்னெண்டால், கியர் வயர் போய்விட்டாலும் பின் பிரேக்கின்ர எண்ணெய்க் குழாய் போகேல்லை. அந்த ஹோஸ் ஹாண்டிலில இருந்து, பல புதுச் சைக்கிளுகளில ஹெட்செட்டுக்குள்ளால இறங்கி (பொட்காஸ்ற் ஆக்கள் காதில மாட்டுறது இல்லை, ஃபிரேமின்ர கழுத்தில ஃபோர்க்கைச் சுழலவிடுற பெயரிங்), டவுன் ரியூப் வழியா அடிக்குப் போய், பின் சில்லுக்குத் திரும்புது.

சத்தம் வாறது இந்த டவுன் ரியூபிலதான். அது ஃபிரேமிலேயே தடிச்ச குழாய், ஆனா சுவர் ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான். உள்ளுக்குள்ள ஹோஸின்ர தடிப்பு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர். மேல ஒரு இடத்திலயும் கீழ பெடல் அச்சுக்குப் பக்கத்திலயும்தான் அதுக்குப் பிடி. நடுவில அரை மீற்றருக்கு மேல சும்மா தொங்குது. சில்லு குழியில விழேக்க ஃபிரேம் சட்டெண்டு மேல எழும்பும், ஹோஸ் ஒரு கணம் பிந்தும், சுவரில அடிக்கும். சனிக்கிழமை மிருதங்க வகுப்புக்குப் போனவைக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை: மெல்லிய சுவர், உள்ளுக்குள்ள வெறும் காற்று, சின்னத் தட்டு, பெரிய நாதம். அடி பலமானது இல்லை. குழாய்தான் அதைப் பெருப்பிச்சுக் காட்டுது. அதால, தனியக் கேபிள் சத்தம் மட்டும் எண்டால் ஆபத்து ஒண்டும் இல்லை, எரிச்சல் மட்டும்தான்.

"மட்டும்" எண்ட சொல்லிலதான் நான் பிழை விட்டனான்.

ரெண்டு மாசம் அந்தச் சத்தத்தோட ஓடினன். பிரிம்லி வீதியால புளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்கிற சரிவிலயும் ஓடினன். அந்த இறக்கத்தைத் தெரிஞ்ச ஆக்களுக்கு அது எப்பிடிப்பட்ட இடம் எண்டு தெரியும். ஒருநாள் கராஜுக்குள்ள சைக்கிளைக் கொண்டுவந்து விடேக்க அப்பா நிமிர்ந்து பார்த்தார். "புதுச் சைக்கிள் ஏன் கத்துது?" எண்டார். நான் கேபிள், ஏரோ, அது இது எண்டு விளங்கப்படுத்தினன். அவர் கேட்டதாத் தெரியேல்லை. முன் பிரேக்கை அமத்திப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையின்ர விரலை ஹாண்டிலுக்குக் கீழ வச்சு, சைக்கிளை முன்னுக்கும் பின்னுக்கும் ஒருக்கா ஆட்டினார். "தம்பி, இதின்ர கழுத்து ஆடுது."

ஆடினதுதான். ஹெட்செட் இறுக்கம் இல்லாமல் இருந்திருக்கு. புதுச் சைக்கிளில முதல் சில கிழமைக்குள்ள இது கொஞ்சம் தளர்றது புதினமில்லை. அதைக் கவனிக்காமல் ஓடினால் பெயரிங்கும், கார்பன் ஃபிரேமில அது இருக்கிற இருக்கையும் பழுதாகும். வேகமான இறக்கத்தில பிரேக் பிடிக்கேக்க முன்பக்கம் உதறும். நான் கேபிள் எண்டு நினைச்ச சத்தத்தில ஒரு பங்கு அது. எனக்குக் கேக்கவேண்டிய சத்தத்தை, கேக்கத் தேவையில்லாத சத்தம் மூடிப்போட்டுது.

ஆனபடியால், கேபிளில கை வைக்க முதல் மற்றதெல்லாத்தையும் தள்ளிப் பாருங்கோ. போத்தில், போத்தில் கூடு, சீற்றுக்குக் கீழ இருக்கிற பை, லைற், மணி, கொம்பியூட்டர் எல்லாத்தையும் கழற்றுங்கோ. பாதிப்பேருக்கு இதோட சத்தம் நிண்டிடும், வெக்கத்தில வெளியில சொல்லமாட்டினம். பிறகு முன் சில்லை ரெண்டு இஞ்சி தூக்கி விழவிடுங்கோ, பின் சில்லையும் அப்பிடி. எந்தப் பக்கம் எண்டு காது சொல்லும். அப்பாவின்ர கழுத்துச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கோ. ஆடினால், ஸ்ரெம்மின்ர பக்க ஆணிகளைத் தளர்த்தி, மேல் மூடியின்ர ஆணியை ஆட்டம் நிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்கி, பிறகு பக்க ஆணிகளை அதில எழுதியிருக்கிற அளவுக்கு இறுக்கவேணும். அநேகமா 5 நியூட்டன் மீற்றர் எண்டு இருக்கும், கார்பனுக்கு டோர்க் ரென்ச் இல்லாமல் ஆணி இறுக்காதீங்கோ. சில்லுகளின்ர அச்சு இறுக்கமா எண்டும் பாருங்கோ.

இன்னொண்டு, பலருக்குத் தெரியாதது: அதே குழிக்கு மேல ஒருக்கா சும்மா ஓடுங்கோ, அடுத்த முறை பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டு ஓடுங்கோ. தொட்ட உடன சத்தம் நிண்டால், அது கேபிள் இல்லை, கலிப்பருக்குள்ள பிரேக் பாட் ஆடுற சத்தம். சூடு தணிக்கத் தகடு வச்ச பாட்டுகள் இதுக்குப் பேர்போனவை. டிஐ2 வச்சிருக்கிறவை சீற் குழாய்க்குள்ள இருக்கிற பற்றரியையும் சந்தேகிக்கலாம். கடைசியா ஹாண்டிலை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வச்சு, டவுன் ரியூபை உள்ளங்கையால தட்டுங்கோ. நேரா இருக்கேக்க ஒரு சத்தம், திருப்பினால் வேற சத்தம் எண்டால், கள்ளன் ஹோஸ்தான். விழுந்து எழும்பினதுக்குப் பிறகு புதுசா ஒரு சத்தம் வந்தால் மட்டும் இந்தச் சோதனை ஒண்டும் வேண்டாம். கார்பன் வெடிச்சிருக்கலாம், ஓடாமல் கடைக்குக் கொண்டுபோங்கோ.

கள்ளனைப் பிடிச்சாச்சு. இனி என்ன செய்யிறது?

காசில்லாத வழி முதல்ல. ஹோஸ் ஃபிரேமுக்குள்ள நுழையிற வாய் வெளியில தெரியிற சைக்கிள் எண்டால், அதில பிடிச்சு ஒரு சென்ரிமீற்றர் அளவு உள்ளுக்குத் தள்ளிப் பாருங்கோ, அல்லது வெளியில இழுத்துப் பாருங்கோ. கொஞ்சம் கூட உள்ளுக்குப் போனால் ஹோஸ் வளைஞ்சு சுவரில சாய்ஞ்சு நிக்கும், பிறகு அடிக்காது. ஹாண்டில் ரெண்டு பக்கமும் முழுக்கத் திரும்புதா எண்டு பார்த்துக்கொள்ளுங்கோ. ஹெட்செட்டுக்குள்ளால போறதில இந்த வழி அநேகமா சரிவராது.

முறையான வைத்தியம் ஃபோம் உறை. ஹோஸுக்கு மேல சட்டை மாதிரிப் போடுற நீளமான பஞ்சுக் குழாய், நிறை சில கிராம்தான், ஜாக்வயர் போன்ற கம்பனிகள் செய்யினம். தண்ணி உறிஞ்சாத வகையா வாங்குங்கோ, எங்கட உப்புத் தண்ணி வீதிகளில மற்றது ஊறிப்போய்க் கிடக்கும். கியருக்கு இன்னும் வயர் இருக்கிற சைக்கிளில இதைப் போடுறது சுகம்: உள் வயரை உள்ளேயே விட்டு, வெளி உறையை மட்டும் அதுக்கு மேலால உருவி எடுங்கோ. ஃபோமை மாட்டி, அதே வயரை வழிகாட்டியா வச்சுத் திரும்ப உள்ளுக்கு விடலாம். வழி தவறாது. வழியைத் தவறவிட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைச்ச நண்பன் ஒருத்தன் எனக்கு இருக்கிறான். கடைசியில நூலை ஒரு வாயில வச்சு, மற்ற வாயில வக்யூம் கிளீனரைப் பிடிச்சு இழுத்துத்தான் மீண்டவன்.

ஹைட்ரோலிக் ஹோஸ் எண்டால் கதை வேற. ஃபோம் போட ஒரு முனையைக் கழற்றவேணும், கழற்றினால் முனையில போடுற சின்னப் பித்தளைத் துண்டுகளைப் புதுசாப் போட்டு, காற்று போகப் பிரேக்கை பிளீட் பண்ணவேணும். ஷிமானோவுக்கு மினரல் எண்ணெய். ஸ்ராமின்ர அநேகமான ரோட் பிரேக்குகளுக்கு டொட் திரவம். மாத்தி ஊத்தினால் உள்ள இருக்கிற ரப்பர் சீல் போச்சு, பிரேக்கும் போச்சு. முதல் தரம் செய்யிறீங்கள் எண்டால் யூரியூப் பார்த்துக்கொண்டு தனியச் செய்யாதீங்கோ. பிரிம்லி இறக்கத்தில வச்சுப் படிக்கிற பாடம் இல்லை இது. எப்பிடியும் பிளீட் பண்ணக் கடைக்குப் போற நேரம் வரும், அப்ப ஃபோமையும் போடச் சொல்லுங்கோ. வேலை பெருசாக் கூடாது.

நடுவழியா ஸிப் ரை இருக்கு. ஹோஸில ஒரே இடத்தில மூண்டைக் கட்டி, வாலை வெட்டாமல் மூண்டு திசைக்கு விட்டால், அது மீசை மாதிரி சுவரைத் தாங்கி ஹோஸை நடுவில வச்சிருக்கும். பத்துப் பதினைஞ்சு சென்ரிமீற்றருக்கு ஒரு கட்டு. சதக் கணக்கில முடியிற வேலை, ஆனா ஹோஸை எட்டக்கூடியமாதிரி ஃபிரேம் திறக்கவேணும். ஜன்னல் இடுக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஃபோமை மட்டும் உள்ளுக்கு அடிக்காதீங்கோ. அது ஊதிப் பெருத்து இறுகிடும், பிறகு ஹோஸை மாத்தவே ஏலாது.

என்ர சைக்கிளில நடந்ததைச் சொல்லுறன். கழுத்தை இறுக்கினதோட சத்தம் பாதி குறைஞ்சுது. பிறகு சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு, பெடல் அச்சுக்குக் கீழ இருக்கிற சின்ன மூடியின்ர ஆணியைக் கழற்றி, அப்பா ஃபோன் லைற்றைப் பிடிக்க உள்ளுக்குப் பார்த்தன். ஃபக்ரரியில ஃபோம் போட்டுத்தான் இருக்கினம். அது வழுக்கி அடிக்கு வந்து, கழண்ட சொக்ஸ் மாதிரிச் சுருண்டு கிடந்தது. மேல் அரைவாசி ஹோஸ் வெறும் மேல். ஒரு மெல்லிய தடியால ஃபோமை மெதுவா மேல தள்ளி, திரும்ப வழுக்காமல் அடியில ஒரு ஸிப் ரை கட்டினன். அரை மணித்தியாலம். செலவு ஒரு ஸிப் ரை.

இப்ப கிங்ஸ்டன் வீதியில போகேக்க ரயர் சத்தம் மட்டும்தான் கேக்குது. போன கிழமை செயினில இருந்து ஒரு சின்னக் கீச்சு வரத் தொடங்கியிருக்கு. முந்தி எண்டால் அது எனக்குக் கேட்டே இருக்காது.

உங்கட சைக்கிள் கத்தினால், சில்லைத் தூக்கி விழுத்தி ஒரு வொய்ஸ் நோட் அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில போட்டுக் கேப்பம். அப்பாவையும் இருத்திப் பாக்கிறன், வருவாரோ தெரியேல்லை.