தர்பூசணிக்கு யூரியாவா, மாட்டு எருவா? கீற்று வாங்கும் முன் ஒரு மூட்டைக் கணக்கு!

நாவலூர்:-

கோடை பிறந்துவிட்டால் போதும். நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று பழைய மாமல்லபுரம் சாலை ஓரமெல்லாம் தர்பூசணி மலை மலையாகக் குவிந்து கிடக்கும். ஐ.டி. கம்பெனி ஊழியர் முதல் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரை ஒரு கீற்று வாங்கித் தின்றுவிட்டுத்தான் நகர்வார்கள். ஆனால் பழத்தில் கத்தி இறங்குவதற்குள் ஒரு கேள்வி வந்து விழும்.

"ஏண்ணே, இது உரம் போட்டதா, இயற்கையா?"

"மாட்டு எரு போட்ட பழம்மா, தைரியமா சாப்பிடுங்க" என்பார் வியாபாரி. கேட்டவருக்கும் திருப்தி, விற்றவருக்கும் திருப்தி. ஆனால் அந்தப் பழம் விளைந்த வயலில் யூரியாவும் விழுந்திருக்கும், எருவும் விழுந்திருக்கும் என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

வதந்தியில் அழுகிய பழங்கள்

இந்த பயம் விளையாட்டு விஷயம் அல்ல. 2025-ம் ஆண்டு கோடையில் தர்பூசணியில் ரசாயன நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு செல்போன் வீடியோக்களில் தீயாகப் பரவியது. வாங்க ஆள் இல்லாமல் விலை மளமளவென்று சரிந்தது. வட்டிக்குக் கடன் வாங்கிப் பயிர் வைத்தவர்கள் வயலிலேயே பழத்தை விட்டுவிட்டு, நஷ்டஈடு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள். பழம் சாப்பிடலாம், பயப்பட வேண்டாம் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் சீசன் கைவிட்டுப் போய்விட்டது.

தர்பூசணியின் சிவப்புக்கு லைக்கோபீன் என்ற நிறமிதான் காரணம். தக்காளியைச் சிவக்க வைப்பதும் அதே சரக்குதான். உரத்துக்கும் ஊசிக்கும் அதில் வேலை இல்லை. சரி, உரத்தின் வேலைதான் என்ன?

செடிக்கு சாதி தெரியாது

பயிருக்கு முக்கியமாக வேண்டியது மூன்று. தழைச்சத்து இலையும் கொடியும் வளர. மணிச்சத்து வேர் பிடிக்க, பூ எடுக்க. சாம்பல் சத்து காய் பெருக்க, இனிப்பு ஏற.

யூரியா போட்டாலும் மாட்டு எரு போட்டாலும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து, அம்மோனியம், நைட்ரேட் என்ற உப்புகளாக மாற்றிய பிறகுதான் வேர் உறிஞ்சும். வேருக்குள் போகும்போது இரண்டும் ஒன்றுதான். இது மூட்டையில் வந்தது, இது தொழுவத்தில் வந்தது என்று செடி பிரித்துப் பார்ப்பது இல்லை.

மூட்டைக்கு 4 டன்

அப்படியானால் எல்லோரும் எருவையே போடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம் இருக்கும். மக்கிய தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவுக்குத்தான். அதே 20 கிலோ 700 கிராம் கிடைக்க 4 ஆயிரத்து 140 கிலோ எரு வேண்டும். அதாவது ஒரு யூரியா மூட்டைக்கு ஈடு கட்ட 4 டன் எரு! சத்து அதிகமுள்ள வேப்பம் புண்ணாக்கு போட்டாலும் சுமார் 400 கிலோ வேண்டும்.

யூரியா மூட்டை மத்திய அரசின் மானியம் போக விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டு வந்துவிடலாம். 4 டன் எருவுக்கோ வண்டி வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி, வயலில் இறைக்க ஆள் கூலி என்று செலவு பல மடங்கு எகிறும். போட்ட எருவில் உள்ள சத்து முழுவதும் அந்த ஒரே போகத்தில் கிடைத்துவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும்.

முன்பு வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. நெல் அறுத்த வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். இன்று நாவலூரில் வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. எரு எங்கிருந்து வரும்?

அப்படியானால் எரு வீணா?

இல்லவே இல்லை. மூட்டை உரம் பயிருக்குச் சோறு போடும். மண்ணுக்குச் சோறு போடுவது எருதான்.

மதுராந்தகம், செய்யூர் தொடங்கி மாமல்லபுரம் கடலோரம் வரை தர்பூசணியும் வேர்க்கடலையும் விளையும் நிலங்களில் பெரும்பகுதி மணல் கலந்த மண். இதில் தண்ணீர் நிற்காது, சல்லடையில் ஊற்றியதுபோல் இறங்கிவிடும். போட்ட யூரியாவும் தண்ணீரோடு கீழே போய்விடும். விவசாயிக்குக் காசு நஷ்டம். கீழே போன நைட்ரேட் கிணற்றிலும் போர் தண்ணீரிலும் கலந்தால் ஊருக்கு ஆபத்து. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்திய தர நிர்ணயம். அளவு மிஞ்சிய தண்ணீரில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால், பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

எரு போட்ட மணல் பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சத்தையும் ஓடவிடாது. யூரியாவில் கிடைக்காத இரும்பு, துத்தநாகம், போரான் போன்ற நுண்சத்துகளும் அதில் உண்டு. 2015 முதல் நம் நாட்டில் எல்லா யூரியாவுக்கும் வேப்ப எண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கியதற்கு ஒரு காரணம், சத்து சீக்கிரம் ஓடிவிடாமல் மெல்ல இறங்கட்டும் என்பதுதான்.

பல்கலைக்கழகம் சொல்வது என்ன?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தர்பூசணி சிபாரிசிலேயே விடை இருக்கிறது. எக்டேருக்கு 20 டன் தொழு உரம். அதோடு தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து தலா 55 கிலோ. மணியும் சாம்பலும் அடியுரமாக. தழைச்சத்து விதைத்த 30-ம் நாள். ஏக்கருக்குப் பார்த்தால் 8 டன் எரு. யூரியா ஒரு மூட்டையும் கொஞ்சமும். (வீரிய ஒட்டு ரகங்களுக்கு இந்த அளவு மாறும்.) இதுவும் அதுவும் சேர்த்துத்தான் சிபாரிசு.

நடைமுறையில் நடப்பது வேறு. எரு கிடைக்காதவர்கள் அந்த இடத்தையும் யூரியாவால் நிரப்பப் பார்க்கிறார்கள். தழைச்சத்து மிஞ்சினால் கொடி காடுபோல் படரும், காய் பிடிப்பது குறையும். இளசான இலையைத் தேடி அசுவினி, இலைப்பேன் வரும். பூச்சி வந்தால் மருந்து அடிப்பார்கள். வாங்கிச் சாப்பிடுபவர் பயப்பட வேண்டியது இந்த மருந்துக்குத்தான். காய்கறியில் விஷம் என்று பேசப்படுவது பெரும்பாலும் பூச்சிமருந்து மிச்சம். அதற்கு உரத்தின் மீது பழி போடுகிறோம்.

இலங்கை கற்ற பாடம்

ஒரே நாளில் மாறினால் என்ன ஆகும் என்பதை பக்கத்து நாடு பார்த்துவிட்டது. 2021 மே மாதம் அதிபர் கோத்தபய ராஜபக்சேவின் அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது. மாற்றாக வேண்டிய அளவு எரு கைவசம் இல்லை. சீனாவில் இருந்து கப்பலில் வந்த இயற்கை உரத்தில் கெட்ட கிருமி இருப்பதாகச் சொல்லி அதை ஏற்க மறுத்தார்கள். அந்தத் தகராறில் 67 லட்சம் டாலர் தண்டம் அழ வேண்டியதாயிற்று. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்திவிட்டார்கள்.

நம் ஊரில் வேறு உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்து வயல்களில் கடல் தண்ணீர் புகுந்து உப்பு ஏறியபோது, இயற்கை விவசாயி நம்மாழ்வார் அங்கே முகாமிட்டு, பசுந்தாள் செடிகளை விதைத்து மடக்கி உழ வைத்து நிலத்தை மீட்க வழி காட்டினார். எரு இல்லாதவர்களுக்கு இன்றும் இதுதான் மலிவான வழி. சணப்பை, தக்கைப்பூண்டை விதைத்து பூ எடுக்கும் நேரத்தில் உழுதுவிட்டால் வயலே எரு தயாரித்துக் கொள்ளும். தமிழக அரசின் 2024-25 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்த "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்திலும் பசுந்தாள் விதை வழங்குவது முக்கிய அம்சம்.

வாங்குவோர், வளர்ப்போர் கவனத்துக்கு

* "ஆர்கானிக்" என்று போர்டு வைத்து கூடுதல் விலை கேட்டால், பாக்கெட்டில் "ஜைவிக் பாரத்" முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். காய்கறி போன்ற பயிர்களுக்கு அந்தச் சான்று வாங்க நிலத்தை 2 ஆண்டு மாற்றிக் காட்ட வேண்டும்.

* இயற்கை உரத்தில் விளைந்ததுதானே என்று கீரையைக் கழுவாமல் ஆயாதீர்கள். மக்காத பச்சைச் சாணத்தில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். மண்ணில் படும் காய்களுக்கு பச்சை எரு போட்டால் 120 நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் இயற்கை விவசாய விதியே சொல்கிறது.

* தர்பூசணியை வெட்டும் முன்பு தோலையும் கழுவச் சொல்லுங்கள். தோலில் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டு போகும்.

* மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு 4 டன் கணக்கு வேண்டாம். காய்கறித் தோல், டீத்தூள், காய்ந்த இலையை ஓட்டை போட்ட வாளியில் அடுக்கி அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு, மூன்று மாதத்தில் எரு தயார். பஞ்சகவ்யா தெளிப்பவர்கள் 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர் என்ற அளவைத் தாண்ட வேண்டாம்.

* விவசாயிகள் மண் பரிசோதனை செய்துகொண்டு உரம் போட்டால் மூட்டைச் செலவு மிச்சம். மணல் நிலத்தில் யூரியாவை ஒரே தடவை கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும்.

சாலையோரக் கடையில் "உரம் போட்டதா?" என்று கேட்பதைவிட, "கடைசியாக மருந்து அடித்து எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி. அது வியாபாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் நாலு பேர் கேட்டால், அடுத்த லோடு எடுக்கும்போது அவர் தோட்டக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.