பகலில் பட்டறை, மாலையில் பந்து

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் காற்பந்து ஆடியோர் பலர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி முடித்து, மாலையில் திடலில் இறங்கியவர்கள் அவர்கள். அதனைப் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நம் தோட்டங்களுக்குத் துரைமார் பலரை அனுப்பிய ஸ்காட்லாந்தில், இத்தகைய வாழ்வுக்குத் தொழில் என்று பெயர்.

அந்நாட்டின் கீழ்ப்பிரிவுக் கழகங்கள் பெரும்பாலும் பகுதிநேரக் கழகங்களே. ஆட்டக்காரர் பகலில் தச்சராகவோ ஆசிரியராகவோ இருப்பார். வாரத்தில் ஓரிரு மாலை பயிற்சி, சனிக்கிழமை பந்தயம். சம்பளம் சிறிதுதான். எனினும் ஒப்பந்தம் உண்டு. ஏட்டில் பெயர் உண்டு.

மான்செஸ்டர் யுனைடெட் குழுவை 1986 முதல் 2013 வரை நடத்திய அலெக்ஸ் பெர்குசன் இவ்வழி வந்தவரே. கிளாஸ்கோ நகரில் கப்பல் கட்டும் தொழிலாளிக்குப் பிறந்தவர். 1958இல், பதினாறாம் வயதில், சம்பளமே தராத குவீன்ஸ் பார்க் கழகத்துக்காக இரண்டாம் பிரிவில் முதன்முறை ஆடினார். ஸ்ட்ரான்ரார் ஊரில் நடந்த அப்பந்தயத்தில் அவர் குழு 2-1 எனத் தோற்றது. அந்த ஒரு கோல் அவருடையது. 1960இல் செயின்ட் ஜான்ஸ்டன் கழகம் சேர்ந்த பின்னும் பகலில் பட்டறையில் கருவி செய்யும் தொழிலே. பயில்தொழிலாளர் வேலைநிறுத்தம் ஒன்றிலும் முன்னின்றார். தொழிற்சங்கம் கண்ட நம் தோட்டத்தாருக்கு இது புதிதன்று. கழகத்தில் நிலையான இடமின்றித் தவித்தவர், 1963 டிசம்பரில் ரேஞ்சர்ஸ் குழுவை அதன் திடலிலேயே எதிர்த்து மூன்று கோல் அடித்தார். மறு ஆண்டு டன்பர்ம்லின் கழகம் அவரை முழுநேர ஆட்டக்காரர் ஆக்கிற்று. 1967இல் அதே ரேஞ்சர்ஸ் 65,000 பவுன் கொடுத்து அவரை வாங்கியது.

இரண்டாம் பிரிவிலிருந்து மேலே செல்லப் படி இருந்தது, அதுவே செய்தி. நம் நாட்டில் ஆறுமுகம், ராஜகோபால் போன்றோர் 1970களில் தேசியக் குழுவில் ஒளிர்ந்தது மெய்தான். ஆனால் பகுதித் தொழில்முறை லீக் 1989இலும், முழுத் தொழில்முறை லீக் 1994இலுமே இங்குத் தோன்றின. அதற்குள் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியிருந்தது. இளைஞர் பட்டணம் பெயரத் தொடங்கியிருந்தனர்.

ஸ்ட்ரான்ராரில் விழுந்த கோலை இன்றும் ஏட்டில் காணலாம். நம் திடல்களில் விழுந்தவையோ பெரும்பாலும் முதியோர் நினைவில்தான் உள்ளன. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு, எந்தத் தோட்டத்துக்கு யார் ஆடினார், எந்த ஆண்டில், எந்த இடத்தில் என்று தாத்தாமாரைக் கேட்டு எழுதச் செய்யலாம். ஒரு பள்ளி விடுமுறை போதும்.