கம்ப்யூட்டரா, கரண்ட் அடுப்பா?



எங்க வீட்ல ஒரு கேம் கம்ப்யூட்டர் இருக்கு. புதுசு இல்லை, செகண்ட் ஹேண்ட். என் அண்ணன் பந்தி பரிமாறப் போய் சேர்த்த காசுல வாங்கினது. அதுல கேம் ஆடுவான், கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணவும் பழகுறான். இந்தக் கோடை லீவுல அதனால வீட்ல பெரிய சண்டையே வந்துடுச்சு.

காரணம் ரெண்டு. ஒண்ணு, சித்திரை வெயில்ல கம்ப்யூட்டர் பாதியில தானாவே அணைஞ்சிடும். அது இருக்குற ரூம்லதான் எங்க அப்பத்தா படுப்பாங்க. "அடுப்படியில படுத்த மாதிரி இருக்குடி"னு சொல்லிட்டு கட்டிலைத் தூக்கி திண்ணையில போட்டுட்டாங்க. ரெண்டாவது, கரண்ட் பில். பில்லைப் பார்த்த அம்மா, "அடுத்த பில் வர்றதுக்குள்ள இதை வித்துடு"னு அண்ணன்கிட்ட முடிவா சொல்லிட்டாங்க. அண்ணன் முகம் செத்துப் போச்சு. கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாசம் டைம் வாங்கினோம். அந்த ஒரு மாசத்துல நாங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம். நாம எல்லாரும் அந்தப் பெட்டியை "சிபியு"ன்னு சொல்றோம். உண்மையில சிபியுங்கிறது உள்ளே இருக்குற ஒரு சின்ன சில்லு. பிராசசர்னும் சொல்வாங்க. பெட்டிக்குப் பேர் கேபினட். கேம் கம்ப்யூட்டர்ல இன்னொரு பெரிய ஆள் உண்டு, கிராபிக்ஸ் கார்டு. திரையில வர்ற படத்தை எல்லாம் வரையுறது அதுதான். கேம் ஓடும்போது அதிகமா கரண்ட் தின்கிறதும் பெரும்பாலும் அதுதான்.

கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குன்னு தனி மீட்டர் கடையில இருக்கு, ஆனா எங்ககிட்ட இல்லை. வீட்டு மீட்டர் பெட்டியிலயே வழி இருக்கு. அதுல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டிக்கிட்டே இருக்கும், பார்த்திருப்பீங்க. எங்க மீட்டர் மேல 3200 இம்ப்னு அச்சடிச்சிருக்கு. அதாவது 3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட். ஒரு யூனிட்னா 1000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடுறது. இது நம்ம அறிவியல் டீச்சர் நடத்தினதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் அணைச்சோம். லைட் சிமிட்டுறது நின்னு போச்சு. அப்புறம் கம்ப்யூட்டரை மட்டும் போட்டு அண்ணன் உள்ளே கேம் ஆடினான். நான் வெளியில கடிகாரத்தை வெச்சுக்கிட்டு எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு 24 சிமிட்டு. ஒரு மணி நேரத்துக்கு 24 × 60 = 1440. அதை 3200-ஆல வகுத்தா 0.45 யூனிட். அப்போ கம்ப்யூட்டர் எடுக்குறது 450 வாட்! ஒரு சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஆறு ஃபேன் ஓடுற கரண்டை அது ஒண்ணே எடுக்குது. லீவு நாள்ல தினமும் 4 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட். யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டோட விலையும் ஏறும், அது அம்மாவுக்கு நல்லாத் தெரியும். (மீட்டரைக் கண்ணால மட்டும் பாருங்க, பெட்டியில கை வைக்காதீங்க. எங்க அப்பா அதுக்கே என்னைத் திட்டினாங்க.)

சரி, இந்த 450 வாட் எங்கே போகுது? ஃபேன் காத்தை நகர்த்துது, மோட்டார் தண்ணியை மேல ஏத்துது. கம்ப்யூட்டர் எதையும் தூக்குறதும் இல்லை, நகர்த்துறதும் இல்லை. கணக்குப் போடுது, அவ்வளவுதான். உள்ளே போற கரண்ட் எல்லாம் கடைசியில சூடா மாறி அதே ரூமுக்குள்ளதான் வரும். சும்மா உட்கார்ந்திருக்குற ஒரு மனுஷன் உடம்புல இருந்து ஏறக்குறைய 100 வாட் சூடு வெளியே வரும். அப்போ அப்பத்தா ரூம்ல கூடுதலா நாலு பேருக்கு மேல உட்கார்ந்திருந்த மாதிரி. அவங்க சொன்னது பொய்யே இல்லை.

கம்ப்யூட்டரை விற்ற கடைக்காரர், இன்னும் மூணு ஃபேன் மாட்டினா சரியாயிடும்னு சொன்னார். கலர் லைட் எரியுற ஃபேன். அண்ணனுக்கும் ஆசைதான். நல்லவேளை, காசு இல்லை. அதனால முதல்ல தூசியைத் தட்டினோம்.

பிளக்கைக் கழட்டிட்டு பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுபோய்த் திறந்தோம். ஹீட் சிங்க்னு ஒண்ணு இருக்கு, சீப்பு மாதிரி வரிசையா அலுமினியத் தகடு. பிராசசர் சூட்டை இழுத்து காத்துக்குக் கொடுக்குறது அது. அந்தச் சீப்பு இடுக்கு முழுக்க தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைச்சிருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால தட்டினோம். அப்போ ஃபேனை விரலால பிடிச்சுக்கணும், சுத்த விடக்கூடாது. கை வைக்கிறதுக்கு முன்னாடி பெட்டியோட இரும்பை ஒரு தடவை தொட்டுக்கணும். நம்ம உடம்புல இருக்குற நிலை மின்சாரம் சில்லுல பாய்ஞ்சா அது செத்துப் போயிடும்.

பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல தெர்மல் பேஸ்ட்னு ஒரு பசை இருக்கும். ரெண்டு உலோகமும் பார்க்க வழுவழுன்னு இருந்தாலும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத காத்து இடைவெளி உண்டு. காத்து சூட்டைச் சரியாக் கடத்தாது, பசை அந்த இடைவெளியை நிரப்பும். எங்களுடையது காஞ்ச சுண்ணாம்பு மாதிரி பொரிஞ்சு கிடந்தது. துடைச்சுட்டு ஒரு பட்டாணி அளவு புதுப் பசை வெச்சோம். சில பேர் பல் விளக்குற பேஸ்ட்டை வைக்கலாம்னு சொல்வாங்க. வைக்காதீங்க, அது சீக்கிரம் காஞ்சிடும்.

திருப்பி மாட்டிப் பார்த்தோம். 91 டிகிரி காட்டின பிராசசர் 76-க்கு வந்துடுச்சு. இடையில அணையுறதும் நின்னு போச்சு. அண்ணன் குதிச்சான். நான் மீட்டருக்கு ஓடினேன்.

24 சிமிட்டு. அதே 24!

எனக்கு முதல்ல புரியவே இல்லை. சூடு குறைஞ்சா கரண்டும் குறையணும்தானே? அப்புறம் யோசிச்சா புரிஞ்சுது. நாங்க சூட்டைக் குறைக்கவே இல்லை. சில்லுல தேங்கி நின்ன சூட்டை வேகமா ரூமுக்குள்ள தள்ளி விட்டிருக்கோம். சில்லுக்கு நல்லது, ஆனா அப்பத்தாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எத்தனை ஃபேன் மாட்டினாலும் இதே கதைதான். ரூம் குளிரணும்னா உள்ளே போற கரண்டையே குறைக்கணும்.

கரண்டைக் குறைக்க, செலவே இல்லாம ரெண்டு வழி இருக்கு.

எங்க மானிட்டர் ஒரு செகண்டுக்கு 60 படம்தான் காட்டும். ஆனா கிராபிக்ஸ் கார்டு 120, 130 படம் வரைஞ்சு தள்ளிக்கிட்டு இருந்தது. பந்திக்கு 60 பேர் வந்திருக்கும்போது 130 இலைக்கு இட்லி அவிக்கிற மாதிரி. கேம் செட்டிங்ஸ்ல எஃப்பிஎஸ் லிமிட்னு இருக்கும். அதை 60-னு வெச்சோம்.

அடுத்தது பவர் லிமிட். இதை மாத்த ஆஃப்டர்பர்னர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. கார்டு எடுக்குற கரண்டுக்கு 100 சதவீதத்துக்குப் பதிலா 70 சதவீதம்னு வரம்பு போடலாம். 30 சதவீதம் கரண்ட் குறைஞ்சா வேகமும் 30 குறையும்னுதான் நாங்க பயந்தோம். அவ்வளவு குறையலை. ஏன்னு சொல்றேன்.

சில்லுக்குள்ள கோடிக்கணக்குல குட்டி சுவிட்சுகள் இருக்கு. ஒவ்வொரு சுவிட்சும் கிணத்துத் தண்ணியைக் குடத்துல மொண்டு தூக்கி ஊத்துற மாதிரி. எவ்வளவு உயரம் தூக்குறோம்ங்கிறதுதான் வோல்டேஜ். இதுல ஒரு வினோதம், உயரம் கூடினா குடத்துல மொள்ளுற தண்ணியும் கூடிடும். அதனால வோல்டேஜ் கூடுறப்போ செலவு அதோட வர்க்கத்துல ஏறும். வோல்டேஜை 10 சதவீதம் குறைச்சா 0.9 × 0.9 = 0.81. வேகத்தைத் தொடாமலே 19 சதவீதம் மிச்சம்! கடைசிக் கொஞ்ச வேகத்துக்காகத்தான் சில்லுக்கு வோல்டேஜை ரொம்ப ஏத்த வேண்டியிருக்கு. அந்தக் கடைசிக் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தா நிறைய மிச்சம். ரெண்டையும் செஞ்சப்புறம் 17 சிமிட்டு. கணக்குப் போட்டா ஏறக்குறைய 320 வாட்.

இதே பாடத்தை பெரிய கம்பெனியே பட்டுத்தான் கத்துக்கிச்சு. இன்டெல் கம்பெனி பென்டியம் 4 பிராசசரோட வேகத்தை வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போச்சு. 3.8 கிகாஹெர்ட்ஸ் வந்தப்போ அது 115 வாட். சுவிட்சைச் சின்னதாக்கினா குடமும் சின்னதாகும், செலவு குறையும்னு எதிர்பார்த்தாங்க. ஆனா குடம் ஒழுக ஆரம்பிச்சது. சுவிட்ச் அணைஞ்சிருக்கும்போதும் கரண்ட் கசிஞ்சது. 2004-ல 4 கிகாஹெர்ட்ஸ் திட்டத்தையே கைவிட்டாங்க. அதே கம்பெனியில இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரத்துல ஒரு குழு, லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாதுன்னு சிக்கனமா ஒரு பிராசசர் செஞ்சது. பேர் பென்டியம் எம், வருஷம் 2003. அந்த வழியில 2006-ல வந்ததுதான் கோர் 2 டியோ. அதுல ஒண்ணு வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். ஆனா 3.8 ஓடின பென்டியம் 4-ஐ முந்திடுச்சு. ஒவ்வொரு துடிப்புலயும் அதிக வேலை செஞ்சது, அதான் காரணம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

கிராபிக்ஸ் கார்டுலயும் இப்படித்தான். என்விடியா கம்பெனியோட ஜிடிஎக்ஸ் 980 கார்டு 2014-ல வந்தப்போ 165 வாட். ஏறக்குறைய அதே வேலையைச் செய்யுற ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 2016-ல வந்தது, 120 வாட்தான். அதுக்காக புதுசு எல்லாமே சிக்கனம்னு நினைச்சுடாதீங்க. 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஒரு கார்டு மட்டுமே 575 வாட். வருஷத்தைப் பார்க்காம வாட்டைப் பார்க்கணும்.

எங்க பழைய கார்டு 250 வாட். இந்தக் கணக்கை எல்லாம் போட்டுப் பார்த்துட்டு அண்ணன் அதை வித்தான். மேல கொஞ்சம் காசு போட்டு, ஒருத்தர் ஆடி முடிச்ச 120 வாட் கார்டு ஒண்ணு வாங்கினான். கேம் முன்னை விட நல்லாவே ஓடுது.

எஸ்எம்பிஎஸ் பத்தியும் சொல்லிடுறேன். கரண்டை மாத்திக் கொடுக்குற டப்பா அது. 650 வாட்னு எழுதியிருந்தா எப்பவும் 650 வாட் எடுக்கும்னு அம்மா நினைச்சாங்க. இல்லை, அது அதிகபட்சம் கொடுக்க முடிஞ்ச அளவுதான். கேட்டதைத்தான் கொடுக்கும். ஆனா மாத்தும்போது கொஞ்சம் சூடா வீணாகும். 80 சதவீதத் திறன் உள்ளது 320 வாட் கொடுக்கணும்னா 400 வாட் வாங்கும், 80 வீண். வாங்கும்போது 80 பிளஸ்னு முத்திரை இருக்கான்னு பார்க்கணும். எங்களுடையதுல இல்லை. இப்போதைக்கு மாத்தவும் வழியில்லை.

புது கார்டு போட்டு, 60 படம்னு வரம்பும் வெச்சு, மறுபடி எல்லாத்தையும் அணைச்சோம். இந்தத் தடவை என்கூட அம்மாவும் வந்து நின்னு எண்ணினாங்க. நான் 13-னு சொன்னேன். அம்மா 12-னு சொன்னாங்க. இன்னொரு தடவை எண்ணினோம், 13-தான். 245 வாட்கிட்ட வருது. ரெண்டு மாசத்துக்கு 108 யூனிட் ஆகுறது 58 ஆகும்.

அம்மா அப்போ ஒண்ணும் சொல்லலை. மறுநாள், "ராத்திரி பத்து மணிக்கு மேல போடக்கூடாது, முடிச்சதும் சுவர் சுவிட்சையும் அணைக்கணும்"னு அண்ணன்கிட்ட சொன்னாங்க. விக்கணும்னு சொல்லலை. அடுத்த பில் வந்ததும் பார்த்துக்கலாமாம். அப்பத்தா கட்டில் திண்ணையில இருந்து ரூமுக்கு வந்துடுச்சு.

அண்ணன் இப்போ மானிட்டர் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சிருக்கான், எண்ணிப் பார்க்கச் சொல்றான். எங்க மீட்டர்ல நிமிஷத்துக்கு ஒரு சிமிட்டுன்னா ஏறக்குறைய 19 வாட். மானிட்டர்ல மிச்சமாகுறது அதை விடக் கம்மியா இருக்கும், ஒரு நிமிஷம் எண்ணினா தெரியாது. பத்து நிமிஷம் எண்ணணும். இந்த ஞாயித்துக்கிழமை எண்ணப் போறேன்.