டேட்டாபேஸ் லைசென்ஸும் அறுப்பு மெஷினும்

தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுக்க வரும் மெஷினுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. பெல்ட் வண்டின்னா கொஞ்சம் கூட. டேட்டாபேஸ் லைசென்ஸ் அப்படியில்லை. வேலை செஞ்சாலும் சும்மா நின்னாலும் சர்வரில் இருக்கிற கோர்களுக்குக் காசு.

ஆரக்கிள் என்டர்பிரைஸ் எடிஷனில் 'பிராசஸர்' என்பது சிப் இல்லை. மொத்தக் கோர்களை ஒரு காரணியால் பெருக்கணும்; இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு அது 0.5. ஆக, 16 கோருக்கு 8 லைசென்ஸ். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரும் 2012 பதிப்பிலிருந்து கோர் கணக்குக்கு மாறிடுச்சு. ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 4 கோர் வாங்கியே ஆகணும்.

அதனால ரைஸ் மில்லுக்கு சர்வர் வாங்குறவங்ககிட்ட நான் சொல்றது: கோர் கம்மியா, வேகம் அதிகமா பாருங்க. பத்து பேர்தான் பயன்படுத்துறாங்கன்னா, எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டில் ஆள் கணக்கு லைசென்ஸையும் விசாரிங்க. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு லைசென்ஸ் கட்டணமே கிடையாது; பார்த்துக்க விவரமான ஆள் மட்டும் வேணும்.