யாருடைய கதை ‘சிகப்பு ரோஜாக்கள்’?

அல்லிநகரத்து இயக்குநரும் பண்ணைப்புரத்து இசையமைப்பாளரும் சேர்ந்து தமிழ்நாட்டை நடுங்கவைத்த படம் அது. அரை நூற்றாண்டை நெருங்கும் அந்தப் படத்தைக் கொலைகாரனின் பக்கத்திலிருந்து எழுந்துவந்து, அவன் மனைவி சாரதாவின் பக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரம் இது.

போடிநாயக்கனூரிலும் பொட்டிபுரம், தேவாரம் சுற்றுவட்டாரத்திலும் சினிமாப் பேச்சு என்பது சொந்த ஊர்க்காரர்களைப் பற்றிய பேச்சு. ஒரு பக்கம் பாரதிராஜாவின் அல்லிநகரம், இன்னொரு பக்கம் இளையராஜாவின் பண்ணைப்புரம். ‘16 வயதினிலே’ (1977), ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) என்று அடுத்தடுத்து வந்த படங்களைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாங்கிவந்த பரிசுபோல இந்த மண் கொண்டாடியது. அதே 1978-ல் அந்த இருவரிடமிருந்தும் முற்றிலும் வேறொரு படம் வந்தது. அதில் வயல் இல்லை, வாய்க்கால் இல்லை. பெரிய பங்களா, பணக்கார இளைஞன், ரோஜாத் தோட்டம், அந்த ரோஜாச் செடிகளுக்குக் கீழே புதைக்கப்பட்ட பெண்கள். கிராமத்தை விட்டால் இவருக்கு வேறு எதுவும் எடுக்கத் தெரியாது என்றவர்களுக்குப் பாரதிராஜா கொடுத்த பதில் அது. கொலைகாரன் திலீப்பாகக் கமல்ஹாசனும் அவன் மனைவி சாரதாவாக ஸ்ரீதேவியும் நடித்தார்கள். வசனம் பாக்யராஜ், ஒளிப்பதிவு நிவாஸ். தெலுங்கில் ‘எர்ர குலாபிலு’, இந்தியில் ராஜேஷ் கன்னா நடித்த ‘ரெட் ரோஸ்’ என்று அது எல்லை தாண்டியும் போனது.

இந்தப் படத்தைப் பற்றிய ரசிகர்களின் கருத்து ஒரே இடத்தில் நிற்கவில்லை. கொட்டகையில் பார்த்தவர்களிடம் கேட்டால் பயத்தைத்தான் சொல்வார்கள்: கறுப்புப் பூனை, ஆளற்ற பங்களா, கல்லறைகளுக்கு நடுவே நடக்கும் துரத்தல். பிறகு தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் கமலின் கண்களையும் நிவாஸின் கேமராவையும் இளையராஜாவின் பின்னணி இசையையும் மெச்சுகிறார்கள். இன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கும் பெண்கள் கேட்பது வேறொன்று. இத்தனை பெண்களைக் கொன்றவன்மேல் இந்தப் படம் ஏன் இவ்வளவு இரக்கப்படுகிறது? மூன்றுமே நியாயமான கருத்துகள்தான். ஆனால் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவரை முதல் இரண்டு பாராட்டுகளும் பாதிப் பாராட்டுகளே. என் வாதம் இதுதான்: ‘சிகப்பு ரோஜாக்க’ளின் கதை கொலைகாரன் சொல்லும் சாக்கை நம்புகிறது; அதன் கலையோ சாரதாவின் பயத்தை நம்புகிறது. ஒரே படத்துக்குள் இந்த இரண்டும் மல்லுக்கட்டுகின்றன. அதை உயர்ந்த படம் என்று சொல்வதானால், சாரதாவின் படமாகத்தான் சொல்ல முடியும்.

குத்தச் சொன்ன சிறுவன்

முதலில் அந்தச் சாக்கைப் பார்ப்போம். திலீப் பிறவிக் கொலைகாரன் இல்லை என்று காட்டப் படம் பின்னோக்கிப் போகிறது. அநாதைச் சிறுவன் ஒருவனுக்கு ஒரு வீட்டில் அடைக்கலம் கிடைக்கிறது. அந்த வீட்டுப் பெண் அவனிடம் தப்பாக நடக்க முயல்கிறாள். மாட்டிக்கொண்டதும் பழியை அவன்மேல் போடுகிறாள். அடிபட்டு ஊரை விட்டு ஓடியவனைப் பட்டணத்தில் ஒரு பணக்காரர் வளர்க்கிறார். அங்கே அவருடைய மனைவி, கணவன் இல்லாத நேரத்தில் இன்னொருவனோடு இருக்கிறாள். திரும்பிவந்து பார்த்த கணவர் கத்தியை எடுக்கிறார். பெண்களே இப்படித்தான், குத்துங்கள் என்று சிறுவன் வெறியோடு கத்துகிறான். அந்த வசனம் இன்று கைபேசிகளில் கேலிப் படமாகச் சுற்றுகிறது. கல்யாண வீட்டில்கூட வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு பெண்ணின் உயிர் போகும் நேரத்தில் ஒரு குழந்தையின் வாயிலிருந்து வந்த சொற்கள் அவை என்பது சிரிப்பில் மறந்தே போய்விட்டது.

இந்தப் பின்கதையில் உள்ள கணக்கைக் கவனிக்க வேண்டும். அவன் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட இரண்டு சம்பவங்களிலும் குற்றவாளி பெண்ணே. அவனை அடித்துத் துரத்தியவர்களும், மனைவியைக் கொன்று, அந்தக் கொலையைப் பார்த்த பிள்ளையைக் கூட்டாளியாக்கி வளர்த்த ஆணும் கணக்கில் வருவதே இல்லை. பெண்ணின் ஆசையே துரோகம் என்ற அவனுடைய முடிவை மறுத்துப் பேச ஒரு பாத்திரமும் இல்லை. அது மட்டுமில்லை, கதையின் போக்கும் அந்த முடிவுக்கே ஒத்தூதுகிறது. அவனோடு துணிந்து பழகும் பெண்கள் மண்ணுக்குள் போகிறார்கள்; கல்யாணம் ஆனால்தான் எதுவும் என்று நிற்கும் சாரதா மட்டும் பிழைக்கிறாள். ஒழுக்கமான பெண் தப்பிப்பாள், மற்றவள் மாண்டால் கேள்வியில்லை என்ற பாடத்தைப் படம் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

இது ஒரு படத்தோடு போயிருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை. அந்தச் சாக்கு தமிழ்த் திரையில் வேர்பிடித்தது. 2004-ல் வந்த ‘மன்மதன்’ காதலில் ஏமாற்றும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்பவனைக் கதாநாயகனாகவே நிறுத்தியது. 2018-ல் வந்த ‘ராட்சசன்’ பள்ளிச் சிறுமிகளைக் கொல்பவனைக் கொடூரனாகத்தான் காட்டியது. ஆனாலும் அவனுடைய வன்மத்துக்கு வேர் தேடியபோது, சிறுவயதில் ஒரு சிறுமி அவனை நிராகரித்து அவமானப்படுத்திய கதையில்தான் போய் நின்றது. நிஜ வாழ்க்கையில் ஒருதலைக் காதலில் பெண்ணை வெட்டியவன், “என்னை ஏமாத்திட்டா” என்று சொல்லும்போது, அவன் புதிதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை. பல ஆண்டுகளாக நாம் டிக்கெட் வாங்கிக் கேட்டுப் பழகிய காரணத்தைத்தான் திருப்பிச் சொல்கிறான். சினிமா அவன் கையில் கத்தியைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. கத்திக்குப் பின்னால் சொல்ல ஒரு கதையைத் தயாராக வைத்திருந்தது என்கிறேன்.

பூட்டிய அறைக்குள் ஒரு பெண்

இனி மறுபக்கம். சாரதா ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். வருகிறவர்களுக்கெல்லாம் துணியை விரித்துக் காட்டுவது அவள் பிழைப்பு. பிடிக்காதவன் வந்து நின்றாலும் முகம் கோணாமல் சிரிக்க வேண்டும். திலீப்பிடமும் அப்படித்தான் அறிமுகமாகிறாள். அவள் மனைவியாகி அந்தப் பங்களாவுக்குள் கால் வைத்ததும் படத்தின் மூச்சே மாறிவிடுகிறது. அதுவரை திலீப்பின் பார்வையில் அலைந்துகொண்டிருந்த கேமரா இப்போது அவள் தோளோடு ஒட்டிக்கொள்கிறது. அவள் போகிற கூடத்துக்குத்தான் நாமும் போகிறோம். அவள் திறக்கத் தயங்குகிற கதவுக்கு முன்னால்தான் நாமும் நிற்கிறோம். பாட்டு ஓய்ந்து, பேச்சு குறைந்து, சின்னச் சத்தங்கள் பெரிதாகின்றன. பூனை குறுக்கே ஓடும்போது அவளுக்கு முன்னால் நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. கொலைகாரனின் வரலாறு எவ்வளவு சோகமானது என்ற விளக்கம் அந்த நிமிடங்களில் நமக்கு எதற்கும் உதவாது. அவள் வெளியே வந்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் மிஞ்சுகிறது. பாரதிராஜாவின் கை எழுதிய உண்மையான தீர்ப்பு இந்தக் காட்சிகளில் இருக்கிறது.

படத்தின் மிகக் கூர்மையான இடமும் இந்தப் பக்கத்தைத்தான் சேரும். திலீப் செய்யும் கொலைகளைப் படமாகப் பார்த்து ரசிப்பவர் அவனை வளர்த்தவர். இருட்டறை, ஓடும் திரை, ஒரு பெண்ணின் சாவு, உட்கார்ந்து பார்க்கும் ஓர் ஆண். கொட்டகையில் நாம் இருக்கும் நிலையும் அச்சாக அதுதான். தெரிந்து வைத்தாரோ தெரியாமல் அமைந்ததோ, இயக்குநர் நம் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்துவிட்டார். அந்தக் கிழவரின் நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதா, எழுந்து சாரதாவோடு ஓடுவதா என்பதுதான் படம் ரசிகனிடம் கேட்கும் கேள்வி.

சாரதாவின் பக்கம் நிற்கும்போது இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். ஸ்ரீதேவி பிறந்தது 1963 ஆகஸ்ட். இந்தப் படம் வந்தபோது அவருக்கு வயது 15. கமலுக்கு 24 நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் திருமண வயதை 15-லிருந்து 18 ஆக உயர்த்திய சட்டத் திருத்தம் வந்ததும் அதே 1978-ல்தான். ஒரு பெண் எந்த வயதில் மனைவியாகலாம் என்று நாடு மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தபோது, திரையில் 15 வயதுச் சிறுமி மனைவியாகவும் இரையாகவும் நடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் தெரியும் மிரட்சியைப் பெரிய நடிப்பு என்று நாம் பாராட்டுகிறோம். அது பெரிய நடிப்புத்தான். அந்த வயதுப் பிள்ளையை அப்படி நிறுத்தலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை என்பதையும் அந்தப் பாராட்டோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுப்புகளும் பதில்களும்

காலம் அப்படி என்பது முதல் மறுப்பு. ஆனால் காலத்தின் கையில் வேறு வழியும் இருந்தது. 1960-ல் வந்த ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ மகனின் கொலைகளுக்குத் தாயைக் காரணமாக்கியது உண்மை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வந்த ‘பீப்பிங் டாம்’ படத்திலும் கொலைகாரன் தன் கொலைகளைப் படம் பிடிக்கிறான். ஆனால் அவன் மனம் சிதைந்ததற்குக் காரணம், குழந்தையாக இருந்தபோது அவன் பயத்தைச் சோதனைப் பொருளாக்கிய தகப்பன். இங்கேயே 1980-ல் பாலுமகேந்திராவின் ‘மூடுபனி’, கொலைகாரனின் மனநோயின் தொடக்கத்தைத் தாயைக் கொடுமைப்படுத்திய தகப்பனிடம் தேடியது. ஆணின் வன்முறைக்கு ஆணிடமே வேர் தேட முடியும் என்பது அன்றே தெரிந்த விஷயம்தான்.

கொலைகாரன் கடைசியில் தண்டிக்கப்படுகிறானே என்பது இரண்டாவது மறுப்பு. தண்டனை வருகிறது, ஆனால் எப்படி? புத்தி பேதலித்துச் சிறையில் கிடப்பவன் சாரதாவின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கிறான். அவளும் அவனுக்காகவே வாழ்பவளாகக் காட்டப்படுகிறாள். கதை நம் கண்ணீரைக் கேட்பது அவனுக்காக. புதைந்து கிடக்கும் பெண்களுக்கு அந்தக் கடைசிக் காட்சியில் இடமே இல்லை.

பாரதிராஜா பெண்களுக்கு எதிரானவரா என்பது மூன்றாவது. அப்படி நான் சொல்லவே மாட்டேன். ‘புதுமைப் பெண்’ (1984) எடுத்தவர் அவர். பெண் சிசுக்கொலையை இந்த வட்டாரத்தின் முகத்துக்கு நேராகவே கேட்ட ‘கருத்தம்மா’வும் (1994) அவருடையது. அந்தப் படங்களை எடுக்கும் மனம் ‘சிகப்பு ரோஜாக்க’ளிலும் இருந்தது என்பதற்குப் பங்களாக் காட்சிகளே சாட்சி. ஆனால் ஒருவரின் நல்ல படங்கள் அவருடைய இன்னொரு படத்தின் குறையை அழித்துவிடாது. அந்தக் குறையை உற்றுப் பார்க்கவே அவை நமக்குக் கற்றுத்தருகின்றன.

‘16 வயதினிலே’யின் முடிவை நினைத்துப் பாருங்கள். தனக்காகக் கொலை செய்து சிறைக்குப் போன சப்பாணிக்காக மயில் (ஸ்ரீதேவி) ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். அடுத்த ஆண்டே அதே ஸ்ரீதேவி, தன்னையே கொல்லத் துரத்தியவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக நிற்கிறார். முதல் காத்திருப்பு நன்றி. இரண்டாவது எந்தக் கணக்கில் சேரும்? பெண் என்றால் காத்திருப்பாள் என்ற பழக்கம்தான் அங்கே முடிவை எழுதியிருக்கிறது.

விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிற பெண்களும், போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற பெண்களும், ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துப் போடுகிற பெண்களும் சாரதாவின் உழைப்பை அறிந்தவர்கள். முன்பின் தெரியாதவனின் சிரிப்பை எடைபோட்டுத்தான் அவர்களும் ஒவ்வொரு நாளையும் கடத்துகிறார்கள். இந்தப் படத்தைப் பற்றி அவர்கள் சொல்லும் கருத்துதான் எனக்கு முதல் கருத்து. இயக்குநரின் மண்ணில் ‘சிகப்பு ரோஜாக்கள்’ மறுபடி திரையேறட்டும், பெருமையோடு பார்ப்போம். அந்தச் சிறுவன் கத்தும் இடத்தில் மட்டும் நம் வரிசையில் யாரும் சிரிக்காமல் இருக்கட்டும்.