கணினிப் பதிவேடும் இருபுறச் சான்றும்

யாழ்ப்பாணத்திலே ஒரு பரப்புக் காணியேனும் உடைய குடும்பத்தினர்க்கு உறுதி என்பது இன்னதென எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிந்ததும் மூலம் உரியவர் கைக்குச் செல்கின்றது; ஒரு பிரதி நொத்தாரிசிடத்தே தங்குகின்றது; மற்றொரு பிரதி அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. வீட்டுப் பெட்டகத்திலுள்ள உறுதி கறையானுக்கு இரையானாலும், வேண்டாதார் ஒருவர் அதில் ஓர் எல்லையைத் திருத்திவிட்டாலும், வேறிடத்திலுள்ள பிரதி உண்மையை உரைக்கும். அன்றியும், உறுதி முடிப்பவரை நொத்தாரிசு அறிந்திருத்தல் வேண்டும். அன்றேல் அவரை அறிந்த சாட்சிகளையேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஏட்டின் பிரதி வேறிடத்தில் இருத்தல், ஆளறிந்து செய்தல் என்னும் இவ்விரண்டு ஏற்பாடுகளையும் மனத்திற் கொள்வார்க்கு இக்கட்டுரையின் பொருள் எளிதில் விளங்கும்.

கணினி உலகில் ‘லொக்’ எனப்படும் பதிவேடு கடலிலிருந்து வந்த சொல்லாகும். முற்காலத்து மாலுமிகள் கயிறு கட்டிய மரத்துண்டொன்றைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர்; அவ்வளவைக் குறித்துவைத்த ஏட்டுக்கும் மரத்துண்டின் பெயரே ஆயிற்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி போன்ற கப்பல்களைச் செலுத்தியோர்க்கு இத்தகைய ஏட்டின் அருமை நன்கு தெரியும். இன்று பல கணினிகளுக்குத் தகவல் வழங்கும் வழங்கிக் கணினி ஒவ்வொன்றும் தன் ஏட்டைத் தானே எழுதுகின்றது. எவர் எந்நேரத்தில் உட்புகுந்தார், எக்கோப்பைத் திறந்தார், எதனை மாற்றினார், எந்த முயற்சி மறுக்கப்பட்டது என்பனவெல்லாம் நேரக் குறிப்புடன் அதிற் பதிகின்றன.

திருநெல்வேலியிலுள்ள ஒரு கல்விநிலையத்திலே பரீட்சைப் புள்ளிகள் இரவோடிரவாக மாற்றப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். பழி முதலில் எழுதுவினைஞர் ஒருவர்மேல் விழும். அவருடைய பெயரும் கடவுச்சொல்லுமே பயன்பட்டிருக்கும். அவர் குற்றமற்றவர் என்பதைக் காட்டவல்லது பதிவேடு ஒன்றுதான். ஆனால் அவ்வேடு புள்ளிகள் இருக்கும் அதே கணினியில் இருக்குமாயின் பயன் என்னை? முழு அதிகாரத்தையும் கைப்பற்றிய களவன் முதலில் அழிப்பது தன் காலடித் தடத்தையே.

இது வெறுங் கற்பனையன்று. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், பங்களாதேச மத்திய வங்கியின் கணினிகளுட் புகுந்த களவர், நியூயோர்க் நகரிலுள்ள சமஷ்டி ஒதுக்கு வங்கிக்கு 35 பொய்க் கட்டளைகளை அனுப்பினர். அவற்றின் மொத்தத் தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். பெரும்பாலானவை மறிக்கப்பட்டன, எனினும் 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டை அடைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலரோ பெறுநரின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என வரவேண்டியது ‘பண்டேஷன்’ எனப் பிழைபட்டிருந்தமையாற் சந்தேகத்துக்கு உள்ளாகித் தடுக்கப்பட்டது. ஈண்டு நாம் கருத வேண்டியது வேறொன்று. களவர் இட்டுச்சென்ற தீநிரல் வங்கியின் தகவற் களஞ்சியத்திலிருந்து அக்கட்டளைகள் பற்றிய பதிவுகளை அழித்தது. உறுதிப்படுத்துஞ் செய்திகள் அச்சுப்பொறியில் வெளிவராதவாறுஞ் செய்தது. ஏடு எழுதியவன் வீட்டிலேயே ஏடும் இருந்தமையால், வீட்டைக் கைப்பற்றியவன் ஏட்டையுங் கைப்பற்றினான்.

ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது ஓர் இரவில் அழியலாம் என்பதை 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது கண்ட நமக்கு இவ்வுண்மையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆகவே பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் எழுதப்பட்டவுடன் வேறொரு வழங்கிக்குச் செல்லுதல் வேண்டும். அவ்வழங்கியின் அதிகாரமும் வேறொருவர் கையில் இருத்தல் வேண்டும். இங்குள்ள களவன் அங்குள்ள பிரதியை அழிக்க மாட்டான்.

இனி, அவ்வரிகள் செல்லும் வழியை நோக்குவாம். 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் என்பவர் தமது மின்னஞ்சல் நிரலுக்குத் துணையாக ‘சிஸ்லொக்’ என்னும் முறையை அமைத்தார். அது மிக எளிதாயிருந்தமையால் உலகெங்கும் பரவியது. ஆனால் பழைய சிஸ்லொக் செய்தி உறையில்லாத தபாலட்டையை ஒத்தது. வழியில் உள்ளவர் எவரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம். போய்ச் சேர்ந்ததென்ற மறுமொழியும் இல்லை. அனுப்பியவர் இன்னார் என்பதற்கு அட்டையில் எழுதிய பெயரன்றி வேறு சான்று இல்லை. ஓர் அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள் இது ஒருவாறு போதும். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கொழும்பு வழங்கிக்கு, எவரெவரோ நடத்தும் கம்பிகளினூடாகச் செல்லும்போது இது சிறிதும் போதாது.

இக்குறையைத் தீர்க்க வந்த கலை 1976ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் இரு அறிஞர் வெளியிட்ட கருத்திற் பிறந்தது. மறுவாண்டு ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதற்குச் செயலுருவம் தந்தனர். ஒவ்வொருவர்க்கும் இரு திறவுகோல்கள் உண்டு. ஒன்று தனித்திறவுகோல்; உடையவரையன்றி வேறெவரும் அறியலாகாது. மற்றையது பொதுத்திறவுகோல், யாவர்க்கும் கொடுக்கத்தக்கது. தனித்திறவுகோலால் இட்ட ஒப்பத்தைப் பொதுத்திறவுகோல் கொண்டு எவரும் சோதிக்கலாம். ஆயின் பொதுத்திறவுகோலை மாத்திரம் வைத்துக்கொண்டு அவ்வொப்பத்தை எவரும் இடமுடியாது.

பொதுத்திறவுகோல் இன்னாருடையதுதான் என்பதை யார் சொல்வது? இதற்காக ஏற்பட்டதே சான்றிதழ். 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற எக்ஸ்.509 என்னும் நியமத்தின்படி, அதிலே உடையவர் பெயர், பொதுத்திறவுகோல், செல்லுபடியாகுங் காலம், வழங்கியவர் பெயர் என்பன எழுதப்பட்டு, வழங்கிய அதிகாரபீடத்தின் ஒப்பமும் இடப்பட்டிருக்கும். உறுதியை நம்புகின்றோம், நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தியமையால். நொத்தாரிசை நம்புகின்றோம், அரசு அவர்க்கு அதிகாரங் கொடுத்தமையால். சான்றிதழும் இவ்வாறே ஒன்றன்மேலொன்றாக நம்பிக்கைச் சங்கிலியில் தொங்குகின்றது.

நாள்தோறும் இணையத்தில் வங்கியின் பக்கத்தைத் திறப்பவர் அறியாமலே இச்சோதனை நிகழ்கின்றது. வங்கியின் வழங்கி தன் சான்றிதழைக் காட்டும். நமது கணினி அதனைச் சோதித்து ஏற்கும். இது ஒருபுறச் சான்று. வங்கி தன்னை மெய்ப்பித்ததேயன்றி நமது கணினி தன்னை மெய்ப்பிக்கவில்லை. நாம் யார் என்பது பின்னர்க் கடவுச்சொல்லால் அறியப்படும். பதிவேட்டு வழியில் ஒருபுறச் சான்று குறைபாடுடையது. பெறும் வழங்கி அனுப்புவோரை அறியாதாயின், எவனும் பொய் வரிகளை அதிற் குவிக்கலாம். குற்றமற்றவர் பெயரில் ஒரு வரி எழுதலாம். பல்லாயிரம் வெற்று வரிகளைக் கொட்டி உண்மை வரியை மூடிவிடலாம். மறுதலையாக, அனுப்பும் வழங்கி பெறுவோரை அறியாதாயின், இரகசியங்கள் நிறைந்த ஏட்டை வழிப்பறிகாரன் கையிலே தானே கொண்டுபோய்க் கொடுத்ததாகும்.

இருபுறச் சான்றில் நிகழ்வன இவை. அனுப்பும் வழங்கி தொடர்பு வேண்டி அழைக்கும். பெறும் வழங்கி தன் சான்றிதழைக் காட்டித் தனித்திறவுகோலால் ஒப்பமிடுவதோடு, “உன் சான்றிதழையும் காட்டு” என்று கேட்கும். அனுப்புவது முதலிற் பெறுவோரின் சான்றிதழை ஆராயும்: நாம் நம்பும் அதிகாரபீடம் ஒப்பமிட்டதா? காலம் முடியவில்லையா? அதிலுள்ள பெயர் நாம் தேடிவந்த பெயரா? பின்னர்த் தன் சான்றிதழை நீட்டி, அதுவரை இருவரும் பரிமாறிய சொற்களின்மேல் தன் தனித்திறவுகோலால் ஒப்பமிடும். இவ்வொப்பமே உயிர்நிலை. சான்றிதழின் நகலைக் களவெடுத்தவன் அதனைக் காட்டலாம். திறவுகோல் இன்மையால் ஒப்பமிட முடியாது. இச்சோதனைகளிடையே இருவர்க்கும் பொதுவான மறைதிறவுகோல் ஒன்றும் பிறக்கும். அதன்பின் ஒவ்வொரு வரியும் அதனாற் பூட்டப்பட்டே செல்லும். ரி.எல்.எஸ். எனப்படும் இம்முறையின் 1.3ஆம் பதிப்பு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிஸ்லொக் செய்திகளை இவ்வழியால் அனுப்பும் நியமம் 2009ஆம் ஆண்டில் 5425 என்னும் இலக்கத்துடன் வெளியாயிற்று. அதற்கு 6514ஆம் இலக்க வாயிலும் ஒதுக்கப்பட்டது.

இதனை அமைப்போர் சில கருமங்களிற் கண்ணுங்கருத்துமாயிருத்தல் வேண்டும். இவ்வேலைக்கென நிறுவனம் தனக்குரிய சிறு அதிகாரபீடத்தைத் தானே அமைத்துக்கொள்ளல் நன்று. உலகப் பொதுப் பீடங்கள் யாவற்றையும் நம்பின், அவற்றுள் ஏதேனும் ஒன்றிற் சான்றிதழ் பெற்றவன் எவனும் நமது கதவைத் தட்டி உள்ளே வருவான். அப்பீடத்தின் திறவுகோலை வலையமைப்பிற் சேராத கணினியில் வைத்தல் வேண்டும். ஒப்பம் சரியெனக் கண்டதோடு நில்லாது, அனுமதிக்கப்பட்ட பெயர்ப் பட்டியலோடும் ஒப்புநோக்கல் வேண்டும். ஒவ்வொரு வழங்கிக்கும் தனித்தனிச் சான்றிதழ் வேண்டும். ஒன்றையே பத்து வழங்கிகளுக்குக் கொடுத்தால், தவறு நேர்ந்தவிடத்து இன்னது எனப் பிரித்தறிய இயலாது. தொடர்பு அறுந்தால் வரிகளைத் தட்டிற் சேமித்துப் பின்னர் அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். கடிகாரங்கள் ஒத்திருத்தல் வேண்டும். பிழையான கடிகாரம் நல்ல சான்றிதழையும் காலாவதியானதெனக் கொள்ளும்.

அதிகாரபீடமே கெட்டால் விளைவது யாது என்பதை ஒல்லாந்து நாட்டின் டிஜிநொற்றார் நிறுவனம் காட்டிற்று. 2011ஆம் ஆண்டில் அதனுட் புகுந்தவர் 500க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கினர். கூகிளின் பெயரால் ஆக்கப்பட்ட ஒன்றைக்கொண்டு ஈரான் நாட்டவர் பெருந்தொகையினரின் தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் அந்நிறுவனம் முறிந்தது. ஆராய்ந்தவர் கண்ட குறைகளுள் ஒன்று நமது பொருளைச் சார்ந்தது: பிறர் சான்றைக் காத்த அந்நிறுவனத்திலே காப்புடைய மத்திய பதிவேட்டு முறை இருக்கவில்லை.

களவனின்றியும் கேடு நேரும். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி, எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளிலிருந்த ஒரு சான்றிதழின் காலம் முடிந்தமையால், பிரித்தானியாவில் ஓ2 நிறுவனத்தின் கைத்தொலைபேசிச் சேவையை நம்பியிருந்த ஏறத்தாழ 32 மில்லியன் வாடிக்கையாளர் இடர்ப்பட்டனர். பதிவேட்டு வழியில் இவ்வாறு நேர்ந்தால் எவரும் கூக்குரலிடார். ஏடு அமைதியாக நின்றுவிடும். வேண்டிய நாளிலேதான் அது வெறுமையெனத் தெரியவரும். ஆதலின் காலம் முடியுமுன் புதுப்பித்தலும், பதிவுகள் வந்துகொண்டிருக்கின்றனவா என்று நாடோறும் பார்த்தலும் கடமையாகும்.

இம்முறையின் எல்லையையும் மறைத்தல் முறையன்று. இருபுறச் சான்று வழியைக் காக்கும், வீட்டைக் காவாது. அனுப்பும் வழங்கியே களவன் வயப்பட்டால் அதன்பின் அவன் பொய்யையும் நல்ல ஒப்பத்தோடு அனுப்புவான். எனினும் அவன் உட்புகுந்த கணம்வரை சென்ற வரிகள் அவன் கைக்கு எட்டா. அவன் கதவை உடைத்த ஓசையும் பெரும்பாலும் அவற்றுள் அடங்கியிருக்கும். ஆராய்பவர்க்கு அதுவே பெருந்துணை.

1921ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய திருநெல்வேலி மண்ணிலே, 1974 முதல் பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. இங்கு கற்று வெளியேறும் மாணவர் பலர் நாளை வைத்தியசாலை, வங்கி, கச்சேரி முதலியவற்றின் வழங்கிகளுக்குக் காவலராவர். அவர்கள் காப்பது இயந்திரத்தை மாத்திரமன்று; அந்த ஏட்டிலே பெயர் எழுதப்பட்ட ஒவ்வொருவரின் நற்பெயரையுமாம். நமது முன்னோர் ஆளறியாமல் உறுதி முடித்ததில்லை. பிரதியை ஓரிடத்தில் மாத்திரம் வைத்ததுமில்லை. அவ்விரு பழக்கங்களையும் கணினிக்குங் கற்பித்தலே நாம் செய்யவேண்டுவது.