டிகோடர் வாங்குறதுக்கு முன்னாடி இன்ஜினைத் திறந்து பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா வச்சுட்டுப் போன பழைய ஜெர்மன் ஹெச்ஓ இன்ஜின் ஒண்ணு வீட்டில் இருக்காம். சாதாரண டிசி கரண்ட்டில் ஓடுறது. "இதை டிஜிட்டலா மாத்தணும், எந்த டிகோடர் நல்லது?" என்று கேட்டார். நான் பிராண்ட் பெயர் எதுவும் சொல்லலை. மூணு விஷயத்தைப் பார்க்கச் சொன்னேன்: மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குது, எத்தனை விளக்கு தனித்தனியா எரியணும், உள்ளே எவ்வளவு இடம் இருக்கு. இதே வரிசையில் பாருங்க. முதல் விஷயம் சரியில்லேன்னா டிகோடர் புகைஞ்சுடும்.

டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்பவும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். அதிலேயே கட்டளைகளும் போகும். டிகோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து, அதன்படி மோட்டாருக்கும் விளக்குக்கும் மின்சாரம் கொடுக்கும். அதாவது இன்ஜின் இழுக்கிற கரண்ட் முழுக்க இந்தச் சின்ன போர்டு வழியாத்தான் போகுது.

அதனால முதல்ல ஸ்டால் கரண்ட்டை அளக்கணும். மோட்டார் சுத்த முடியாம நின்னுபோனா இழுக்கிற கரண்ட் அது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வச்சு, 12 வோல்ட் டிசி சப்ளைக்கும் மோட்டாருக்கும் நடுவுல சீரிஸில் இணையுங்க. ஷாஃப்ட்டை விரலால் பிடிச்சு நிறுத்தி அளவைப் பாருங்க. ஒண்ணு ரெண்டு விநாடி போதும், அதுக்கு மேல பிடிச்சா மோட்டார் சுட்டுடும். 0.7 ஆம்பியர் காட்டினா 1 ஆம்பியர் டிகோடர் தாராளம். 1.4 காட்டினா அது பத்தாது. பெட்டியில் ரெண்டு எண் போட்டிருந்தா, தொடர்ச்சியாகத் தாங்கும் அளவைத்தான் கணக்கில் எடுக்கணும். ஒரு கணம் மட்டும் தாங்குற உச்ச அளவை நம்பாதீங்க.

பழைய இன்ஜின்களில் இன்னொரு ஆபத்து இருக்கு. பலதிலும் மோட்டாரின் ஒரு பிரஷ் உலோகச் சட்டத்தையே தொட்டுக்கிட்டு இருக்கும். அந்தச் சட்டம் சக்கரம் வழியா தண்டவாளத்தோட சேர்ந்திருக்கும். அப்படியே டிகோடரைப் போட்டா, தண்டவாள மின்சாரம் நேரா அதன் மோட்டார் வயருக்குள் வந்துடும். டிகோடர் போச்சு. வயரெல்லாம் கழட்டிட்டு, ஒவ்வொரு பிரஷுக்கும் சட்டத்துக்கும் நடுவுல மல்டிமீட்டரை வச்சுப் பாருங்க. பீப் சத்தம் வரவே கூடாது. வந்தா, மோட்டாரைச் சட்டத்திலிருந்து பிரிச்சு இன்சுலேட் பண்ணின பிறகுதான் அடுத்த வேலை.

ரெண்டாவது விளக்கு. நேயரோட ஜெர்மன் இன்ஜினையே எடுத்துக்குவோம். முன்னால மூணு வெள்ளை, பின்னால ரெண்டு சிவப்பு. வெள்ளையையும் சிவப்பையும் ஒரே அவுட்புட்டில் சேர்த்தா, திசைக்கு ஒண்ணா ரெண்டு அவுட்புட் போதும். ஆனா பெட்டிகளை இழுக்கும்போது இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவுல சிவப்பு எரியும். நிஜ ரயிலில் அது கடைசிப் பெட்டியில்தானே இருக்கும்? சிவப்பைத் தனியா அணைக்கணும்னா நாலு அவுட்புட் வேணும். பெட்டிக்குள் விளக்கு மட்டும் போதும்னா, மோட்டார் வசதி இல்லாத ஃபங்ஷன் டிகோடர் போதுமானது.

வயர் நிறங்களுக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு. நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பிளஸ். எல்இடி-யின் நீளமான கால் நீலத்துக்குப் போகணும். கூடவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அது இல்லேன்னா ஸ்விட்ச் போட்டதும் எல்இடி போயிடும்.

மூணாவது இடமும் சாக்கெட்டும். 8 பின் சாக்கெட் வழியா மூணு விளக்கு அவுட்புட்தான் வரும். நாலாவதுக்குத் தனி வயர் பற்றவைக்கணும். 21எம்டிசி, பிளக்ஸ்22 சாக்கெட்டுகளில் அதுக்கு மேலயும் கிடைக்கும். இடம் குறைவான சின்ன இன்ஜின்களுக்கு நெக்ஸ்ட்18. சாக்கெட்டே இல்லாத பழைய இன்ஜினுக்கு வயர் வச்ச டிகோடரை வாங்கிப் பற்றவைக்கலாம். டிகோடர் உள்ளே போனால் மட்டும் போதாது, மேல் மூடியும் சரியா மூடணும். வாங்குறதுக்கு முன்னாடி அதே அளவில் ஒரு அட்டைத் துண்டை வெட்டி உள்ளே வச்சுப் பாருங்க.

இன்னொரு வசதியும் இருக்கான்னு பாருங்க: பேக் இஎம்எஃப். டிகோடர் மின்சாரத்தைக் கணநேரம் நிறுத்தி, சுத்துற மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டேஜை அளக்கும். அதை வச்சு வேகத்தைச் சரிசெய்யும். மெதுவா ஊர்ந்து போற ஓட்டத்துக்கு இது ரொம்ப உதவும்.

எல்லாம் இணைச்ச பிறகு நேரா மெயின் தண்டவாளத்தில் வைக்காதீங்க. முதல்ல புரோகிராமிங் டிராக். அங்கே கரண்ட்டுக்குக் கட்டுப்பாடு இருக்கு. வயரிங்கில் கோளாறு இருந்தாலும் பெரும்பாலும் டிகோடர் தப்பிக்கும். சிவி1-ஐப் படிங்க. புது டிகோடர்னா 3-ன்னு பதில் வரும். அப்போ மோட்டார் லேசாத் துடிக்கும். டிகோடர் பதில் சொல்றதே அந்தத் துடிப்பால்தான். பதில் வரலேன்னா இன்ஜினைத் திறந்து வயரிங்கைத் திரும்பப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சிவி2, 3, 4-ஐ மாத்தி இன்ஜினை நிதானமாக் கிளம்பவும் நிக்கவும் வைக்கிறது எப்படின்னு பார்ப்போம்.